ஜெயவதி அரைத்த சிவப்பு

ஜெயவதிக்கு முதல் கரு கலைந்தபோது யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. எழுபத்திரண்டாம் வருஷம், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முழுசாக ஆகியிருக்கவில்லை. தேசூரிலிருந்து அவளுடைய அப்பா ஜினசந்திரன் பஸ் ஏறி வந்தார். கூடத்தில் உட்கார்ந்து மாப்பிள்ளையிடம் மழையைப் பற்றியும் வேர்க்கடலையைப் பற்றியும் பேசினார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட்டு, மகளிடம் "உடம்ப பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். முதல் தடவை இப்படி ஆவது உண்டுதான். எத்தனையோ பேருக்கு ஆகியிருக்கிறது. அடுத்த வருஷமே வீட்டில் தொட்டில் கட்டியிருக்கிறார்கள். சும்மா விட்டிருந்தால் ஜெயவதிக்கும் கட்டியிருப்பார்கள். சும்மா விடவில்லை, வேண்டிக்கொண்டார்கள்.

வேண்டிக்கொண்டது மாமியார் ரத்னம்மாள். தீர்த்தங்கரர் கருவில் வந்து தங்குவதற்கு முன்னால் அவருடைய தாய் பதினாறு கனவு காண்பாள் என்பது ஜைனர்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. வெள்ளை யானை, காளை, சிங்கம் என்று ஆரம்பித்து, இரட்டை மீன், தாமரைக் குளம், ரத்தினக் குவியல் எல்லாம் கடந்து, கடைசியில் புகையில்லாத நெருப்பு. ஆரணியில் அவர்கள் தெருக் கோடியில் இருந்த சின்னஞ்சிறு ஜினாலயத்தின் மண்டபச் சுவர் வெறும் சுவராகக் கிடந்தது. "இந்தச் சுவத்துல பதினாறு கனவையும் எம்புள்ள எழுதுவான். வண்ணம் மொத்தத்தையும் எம்மருமக தன் கையாலயே அரைச்சுக் குடுப்பா. இந்த வீட்டுக்கு ஒரு கொழந்தைய குடு" என்று அந்தம்மாள் கும்பிட்டாள். நல்ல மனசோடுதான் கும்பிட்டாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

பிள்ளை அனந்தகுமார் போர்டு எழுதுகிறவர். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஒற்றைவாசல் கடை. பட்டுக்கடை, அரிசி மில், சோடா கம்பெனி என்று ஆரணியில் பாதிப் பெயர்ப்பலகை அவர் கை எழுத்து. 'ப' போட்டால் நான்கு மூலையும் நூல் பிடித்ததுபோல இருக்கும். ஆனால் ஒரு படம்கூட எழுதாமல் வெறும் எழுத்தே எழுதிக்கொண்டு செத்துப்போய்விடுவோமோ என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு குறை இருந்தது. அம்மாவின் வேண்டுதல் காதில் விழுந்த அன்றைக்கே சுவரை அளந்து பார்க்கப் போய்விட்டார். பிள்ளைக்கு ஆசைப்பட்டாரா, சுவருக்கு ஆசைப்பட்டாரா என்று கேட்டால் அவருக்கே பதில் தெரிந்திருக்காது. ஜெயவதியும் கேட்கவில்லை. புருஷன் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

அங்கேதான் வண்ணம் என்ற பேஜார் ஆரம்பித்தது. டப்பாவில் வரும் பெயிண்டு போர்டுக்குச் சரி, பகவானுக்கு ஆகாது என்றார். அதில் என்ன கிடக்கிறதோ யார் கண்டது? கடையில் விற்கும் கருப்பில் எலும்பைக் கருக்கிப் போடுகிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள், அது போச்சு. தச்சர்கள் காய்ச்சும் வஜ்ஜிரப் பசை மாட்டுத்தோல், அதுவும் போச்சு. கிளிஞ்சல் சுண்ணாம்பு ஒரு உயிர் குடியிருந்த வீடு. அணில் முடித் தூரிகையைத் தொடமாட்டார்; தாழை விழுதை நசுக்கி நாராக்கித் தானே கட்டிக்கொண்டார். பசைக்கு வேப்பம்பிசின். கருப்புக்கு நல்லெண்ணெய் விளக்கின் கரி. அந்த விளக்கைக்கூடப் பகலில்தான் ஏற்றவேண்டும், ராத்திரி ஏற்றினால் விட்டில் வந்து விழும். ஜெயவதி பட்டப்பகலில் புழக்கடையில் விளக்கேற்றி, மேலே மண்சட்டியைக் கவிழ்த்துவிட்டு, ஒரு கொசுகூட அண்டாமல் முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பக்கத்து வீட்டுச் செல்லம்மாள் மதில்மேல் எட்டிப் பார்த்துச் சிரிப்பாள்.

"இன்னா ஜெயவதி, சூரியனுக்கே வெளக்கு காட்டினு இருக்கியா?"

"எங்க வூட்டுக்காரர் சொல்லிட்டாரு. கேக்காம முடியுமா?" என்று இவளும் சிரிப்பாள்.

மஞ்சள், பச்சை, நீலம் எல்லாம் ஏதோ ஒரு வழியில் ஒப்பேறிவிட்டன. வெள்ளைக்கு நாட்டுமருந்துக் கடையில் சபேதாத் தூள் கிடைத்தது. சிவப்புதான் அகப்படவில்லை. காவிமண் இருந்தது, ஆனால் அது மண் நிறம்தானே. அதைக் கொண்டு நெருப்பை எழுதினால் செங்கல் அடுக்கினதுபோல இருக்கிறது என்று அவரே அழித்தார். செல்லம்மாளின் புருஷன் வேணுகோபால் பட்டுநூலுக்குச் சாயம் போடுகிறவர். அவர் ஒரு நாள் சாயக் கையில் ஒரு பொட்டலத்தோடு வந்து நின்றார்.

"எங்கப்பா காலத்துல பாக்கெட்டுச் சாயம் ஏதுங்க? கொம்பரக்கு வாங்கி ஊறப்போட்டு எடுப்பாங்க. ஒரு சேப்பு வரும் பாருங்க, முகூர்த்தச் சீலைக்கின்னே பொறந்தது. எங்கிட்ட இன்னும் கொஞ்சம் இருக்குது. தரட்டுமா?"

"அரக்கு எதுலருந்து வருது?" என்றார் அனந்தகுமார்.

"மரத்துலதான். ஒரு பூச்சி கட்டும்."

"பூச்சி?"

"இத்துனூண்டு. கண்ணுக்கே தெரியாது."

"எத்தன பூச்சி சேந்தா ஒரு பிடி அரக்கு?"

வேணுகோபால் தலையைச் சொறிந்தார். "அது யாரு எண்ணினாங்க" என்றார். அனந்தகுமார் கையெடுத்துக் கும்பிட்டு, வேண்டாம் என்றார். சாயக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. நாளெல்லாம் பட்டுப்பூச்சி விட்டுப்போன நூலில் கைநனைக்கிறவருக்கு இந்த வீட்டு நியாயம் பழக்கமானதுதான். அவர் திருப்பி எடுத்துக்கொண்டு போன அந்தப் பொட்டலத்தை ஜெயவதி பிற்காலத்தில் எத்தனை தடவை நினைத்துக்கொண்டாள் என்பதற்குக் கணக்கில்லை.

கடைசியில் அவர் கண்டுபிடித்தது செந்தூரம். நாட்டுமருந்துக் கடையில் இருந்ததில் செங்கல்தூள் கலப்படம். ஈயத்தை வறுத்தால் தானே செந்தூரம் என்று கடைக்காரர் போகிறபோக்கில் சொன்னதைப் பிடித்துக்கொண்டார். லாரி ஷெட்டில் கழித்துப் போட்ட பாட்டரித் தகடுகளைக் கேட்டு வாங்கிவந்து, கழுவி, உருக்கினார். "பாரு ஜெயா, கல்லு மாதிரி ஒரு பொருளு. அதுக்கு ரத்தமும் இல்ல, சதையும் இல்ல. உசுருங்கிற பேச்சே இல்லாத சேப்பு" என்றார். குழந்தை கையில் பலூன் கிடைத்ததுபோல அவ்வளவு சந்தோஷம். நல்லவர்கள் தப்புச் செய்யும்போது கூடவே நின்று தடுக்க ஒரு கெட்டவனாவது இருக்கவேண்டும். அந்த வீட்டில் எல்லோரும் நல்லவர்கள்.

பகலில் அவருக்குக் கடை இருந்தது. ஆகவே வறுக்கிற வேலை ஜெயவதியுடையது. புழக்கடை அடுப்பில் இரும்புச் சட்டியை ஏற்றி, ஈயம் உருகியதும் கம்பியால் கிளறிக்கொண்டே இருக்கவேண்டும். மேலே பாலாடைபோல ஒரு ஏடு படியும். அதை ஒதுக்க ஒதுக்க மறுபடி படியும். ஒதுக்கியது சாம்பலாகி, சாம்பல் மஞ்சள் தூளாகும். அதை அலசி, சலித்து, மறுபடி சின்னத் தீயில் நாள் முழுக்க வறுக்கவேண்டும். சட்டியில் இருக்கும்போது அது கருத்துப்போய், கெட்டுவிட்டதோ என்று தோன்றும். இறக்கிவைத்து ஆற ஆறத்தான் நிறம் எழும்பி வரும். முதல்முறை அது அப்படிச் சிவந்து வந்தபோது ஜெயவதி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தன்னால் ஒன்று முழுசாக உருவாகி வந்துவிட்டது என்ற எண்ணம்தான். அவளுக்கு அது பெரிய விஷயமாக இருந்தது.

பிறகு அரைப்பது. வடிகட்டிய தண்ணீர் விட்டு, கல்லில் குழவியை வட்டமாக ஓட்டி, வெண்ணெய்ப் பதம் வரும்வரை. அரைத்து அரைத்து விரல் நுனி மரத்துப்போனதால் நெருநெருப்பு கைக்குத் தெரியவில்லை. மாவு பதம் பார்க்கிற பழக்கத்தில், ஒரு பொட்டு எடுத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள். மணல் இருந்தால் பல்லில் கடிபடும். கடிபடவில்லையென்றால் பதம். இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அனந்தகுமாரிடம் சொன்னபோது அவர் மெச்சிக்கொண்டார். ஒவ்வொரு ஈட்டுக்கும் ஒரு பொட்டு. அஷ்டமி, சதுர்த்தசி விரத நாட்களில் அரைத்தால் விசேஷம் என்று ரத்னம்மாள் சொல்லியிருந்ததால், அந்த நாட்களில் வெறும் வயிற்றோடு பொழுதுக்கும் அரைப்பாள்.

அந்தக் காலம் சந்தோஷமானது என்பதை மறைத்து என்ன பயன்? சாயங்காலம் அவர் கடையைச் சீக்கிரம் கட்டிவிட்டு வருவார். இருவரும் சாப்பிட்டு, இருக்கிற வெளிச்சத்தில் கோயிலுக்குப் போவார்கள். அவள் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு நிற்பாள், அவர் ஏணிமேல் நின்று எழுதுவார். யானைக்கு வெள்ளை, திருமகளின் தாமரைக்குச் சிவப்பு, சூரியனுக்கு இன்னும் சிவப்பு. "இந்தச் சேப்பு யாருக்கும் வராது ஜெயா" என்பார் மேலேயிருந்து. புருஷன் வாயால் அப்படிக் கேட்க எந்தப் பெண்ணுக்குத்தான் கசக்கும்?

எழுபத்து நான்கில் இரண்டாவது கரு ஐந்தாம் மாதத்தில் போயிற்று. ரத்னம்மாள் மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். "வேண்டிகினு ரெண்டு வருஷம் ஆவுது. ஆறு கனவுதான் முடிஞ்சிருக்குது. தெய்வத்துக்குக் குடுத்த வாக்க இழுத்தடிச்சா இப்படித்தான் ஆவும். ஜல்தியா முடிங்க" என்றாள். வேலை இரண்டு மடங்காயிற்று. ஜெயவதி காலையிலேயே அடுப்பை மூட்டிவிடுவாள். எழுபத்தேழில் மூன்றாவது. எட்டாம் மாதம் வரைக்கும் வயிற்றில் இருந்து, அசைந்து, உதைத்து, இறந்து பிறந்த ஆண்பிள்ளை. முகம் அப்படியே அனந்தகுமார் என்று பிரசவம் பார்த்தவள் சொன்னாள். அதற்கும் மருந்து ஒன்றுதான் என்று அந்த வீடு நம்பியது. இன்னும் வேகமாக வறுத்தார்கள், இன்னும் அதிகமாக அரைத்தாள். தீயை அணைப்பதாக நினைத்து எண்ணெயை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஊற்றுவதையும் அவள் கையாலேயே ஊற்றவைத்தார்கள்.

உடம்பு தேய்ந்துபோயிற்று. வயிற்றை முறுக்கிப் பிழியும் வலி வரும், வந்தால் அடுப்படியிலேயே சுருண்டுவிடுவாள். முகம் சோகை பிடித்து வெளுத்துக் கிடந்தது. எழுபத்தொன்பதில் மறுபடி நாள் தள்ளியபோது, வீட்டில் யாருக்கும் சொல்லாமல் செல்லம்மாளிடம் மட்டும் சொன்னாள். செல்லம்மாள் யோசிக்கவே இல்லை. தங்கைக்குத் துணை போகிறோம் என்று ஒரு பொய்யைச் சொல்லி அவளை வேலூருக்கு, ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு, அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

வயசான டாக்டரம்மாள். நாடி பார்த்து, கண்ணை இழுத்துப் பார்த்து, பிறகு உதட்டை மடித்து ஈறைப் பார்த்தார். பார்த்தவர் பார்த்தபடியே இருந்தார். ஈறின் ஓரமாக, பல் முளைக்கிற இடத்தில், மையால் கோடு இழுத்ததுபோல நீலம் ஓடியிருந்தது.

"உங்க வீட்டுக்காரருக்கு என்ன வேலை? பாட்டரி கடையா? அச்சாபீஸா?"

"போர்டு எழுதறாருங்க."

"நீ என்னம்மா பண்றே?"

ஜெயவதி வெட்கத்தோடு, கொஞ்சம் பெருமையோடும்தான், எல்லாவற்றையும் சொன்னாள். வேண்டுதல், ஈயம், வறுக்கிறது, அரைக்கிறது, நாக்கில் வைத்துப் பார்க்கிறது. டாக்டரம்மாள் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார்.

"அது விஷம்மா. ஈயம் உடம்புல சேர்ந்தா கருவை இருக்க விடாது. உன் ரெண்டாவது, மூணாவது, ரெண்டையும் அதுதான் எடுத்திருக்கணும்."

"மொதல்ல போனது?" என்று கேட்டாள் ஜெயவதி.

"அப்ப நீ இதெல்லாம் பண்ணலையே. அது சும்மா போனது. நிறையப் பேருக்குப் போகும்."

ரத்தத்தைச் சோதனைக்கு எடுத்தார்கள். இனி அந்தப் பொடி இருக்கிற வீட்டிலேயே இருக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். திரும்பிவரும் பஸ்ஸில் செல்லம்மாள்தான் அழுதுகொண்டு வந்தாள். ஜெயவதி அழவில்லை. சும்மா போனது, சும்மா போனது என்று அந்த ஒரு வார்த்தையே காதுக்குள் ஓடியது. சும்மா போன ஒன்றுக்காக வேண்டிக்கொண்டு, இருக்க வந்த இரண்டைத் தொலைத்திருக்கிறாள். கண்ணமங்கலம் தாண்டும்போது வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். இதையாவது காப்பாற்றவேண்டும். அதற்குமேல் அவளுக்கு எதுவும் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் அவள் சொன்னதைக் கேட்டு முடித்த அனந்தகுமார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். ரத்னம்மாள் பூஜைக்கு எடுத்த அரிசியோடு அப்படியே நின்றாள்.

"அத வீட்ட விட்டு வெளிய போடுங்க" என்றாள் ஜெயவதி. அடுப்படி மூலையில் ஒரு பெரிய ஜாடி நிறையச் சிவப்பு இருந்தது. புகையில்லாத நெருப்பு ஒன்றுதான் பாக்கி, அதற்காகவே சேர்த்துவைத்தது.

முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு ஜாடியை எடுத்துப் போனார். கமண்டல நாகநதி வரைக்கும் நடந்தார். ஆற்றில் குட்டைகுட்டையாகத் தண்ணீர் தேங்கியிருந்தது, மீன்குஞ்சு ஓடிக்கொண்டிருந்தது. அங்கே போடவில்லை. கோயில் குளத்துக்குப் போனார், ஆமை இருந்தது. தென்னந்தோப்பு ஓரமாகக் குழிதோண்டப் போனவர், மண்ணுக்குள் புழுவும் எறும்புப் புற்றும் இருந்ததைப் பார்த்து மண்ணை மூடினார். குப்பைமேட்டில் ஒரு பன்றி. ஒரு ஜாடி விஷத்தைக் கொட்ட ஆரணியைச் சுற்றி உயிரில்லாத ஒரு முழ இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. நன்றாக இருட்டுவதற்குள் ஜாடியோடு வீட்டு வாசலுக்கே திரும்பி வந்து நின்றார்.

"எங்கயும் போட முடியல ஜெயா. எங்க கொட்டினாலும் ஏதாவது ஒண்ணு சாவுது."

ஜெயவதி அதுவரைக்கும் புருஷனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினவள் இல்லை.

"மீனு, ஆமை, எறும்பு, பன்னி. எல்லாத்துக்கும் எடம் பாத்தீங்க" என்றாள். "என் வவுத்துல போடறப்ப பாத்தீங்களா?"

அவர் ஜாடியைக் கீழே வைத்தார். வாசலிலேயே உட்கார்ந்து, துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினார். அவளுக்கு அப்போதே அப்படிச் சொல்லியிருக்கவேண்டாம் என்று இருந்தது. சொன்னது தப்பா என்று கேட்டால், தப்பில்லைதான்.

மறுநாள் காலையிலேயே அவளைத் தேசூருக்குப் பஸ் ஏற்றிவிட்டார்கள். ஜாடிக்கு ஒரே ஒரு வழிதான் அனந்தகுமாருக்குப் பட்டது: பிசினில் குழைத்துச் சுவரில் ஒட்டவைத்துவிட்டால் எந்த உயிரும் அதைத் தின்னப்போவதில்லை. பதினாறாவது கனவுக்கு அவர் தானே வண்ணம் அரைத்து, தானே எழுதினார். ஜாடி காலியாகும்வரை பூச்சின்மேல் பூச்சாக ஏற்றினார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அப்படி எழுதியதில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அந்த நெருப்பு மண்டபத்துக்கே சூடு ஏற்றுவதுபோல இருந்ததாம்.

தேசூரில் ஜெயவதி நிழலில் உட்கார்ந்து பாலும் பழமுமாக இருந்தாள். வயிறு வளர்ந்தது. அப்பா ஜினசந்திரன் ஊரிலிருக்கும் தொட்டில்களையெல்லாம் பார்த்துவைத்தார். எண்பதாம் வருஷம் மாசியில் ஏழாம் மாதமே வலி கண்டு, பெண் பிறந்தது. உயிரோடு பிறந்தது. கத்தியது, விரலைப் பிடித்தது. காலையில் பிறந்தது மாலை வரைக்கும் இருந்தது. அனந்தகுமார் ஆரணியிலிருந்து வந்து சேர்ந்தபோது அதைத் துணியில் சுற்றிவைத்திருந்தார்கள்.

வேலூருக்கு மறுபடி போய் டாக்டரம்மாளிடம் அவரே கேட்டார். "அஞ்சு மாசமா அவ அத தொடவேயில்லைங்க. கண்ணாலயும் பாக்கல."

"வருஷக்கணக்கா உடம்புல போனது எலும்புல போய் தங்கியிருக்கும். பிள்ளைக்கு எலும்பு வளர்றப்ப தாய் எலும்புல இருந்துதான் சத்து போகும். அதோட இதுவும் போகும்" என்றார் டாக்டரம்மாள். இதற்குமேல் கர்ப்பம் வேண்டாம் என்றும் சொன்னார். எலும்புக் கரி என்று கடைக் கருப்பு வண்ணத்தை ஒதுக்கிய மனுஷன் அதைக் கேட்டுக்கொண்டு தலையை ஆட்டினார். அப்புறம் வெகுநாள் அந்தத் தம்பதி அவசியத்துக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். ரத்னம்மாள் அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்தாள். கடைசிவரைக்கும் அந்தம்மாள் மருமகளின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. ஜெயவதிக்கு அவள்மேல் கோபம் இல்லை. தானும் நம்பித்தானே அரைத்தாள்.

விஷயத்தை வெளியில் சொல்லவேண்டாம் என்று அனந்தகுமார் ஒரு தடவைதான் கேட்டுக்கொண்டார். "கோயில்ல வெஷத்த வெச்சவன்னு சொல்வாங்க ஜெயா. அழிச்சிடுவாங்க. நமக்குன்னு மிஞ்சினது அது ஒண்ணுதான்." அவள் சரி என்றாள். செல்லம்மாளும் வாயைத் திறக்கவில்லை. சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பதுதானே, என்ன செய்துவிடப்போகிறது என்று மூவரும் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

ஆனால் ஜனங்கள் ஒரு சுவரைச் சும்மா விடுவார்களா? கோயிலைக் கவனித்துவந்த பத்மகுமார் நயினாரின் மூத்த மருமகளுக்கு வெகுநாளாகப் பிள்ளை இல்லை. அவள் அந்த நெருப்பின் முன் நின்று அழுது கும்பிட்டாள். அந்த வருஷமே உண்டாகி, ஆண்குழந்தை. அவ்வளவுதான். போளூரிலிருந்தும் வந்தவாசியிலிருந்தும் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். பிசின் காய்ந்து சிவப்பு பொடியாக விரலில் ஒட்ட ஆரம்பித்திருந்த நேரம். ஒருத்தி தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள், அடுத்தவள் அடிவயிற்றில் தடவிக்கொண்டாள். நாக்கில் வைத்துக்கொண்டால் பலிக்கும் என்று யார் கிளப்பிவிட்டதோ தெரியவில்லை.

ஜெயவதி அதைப் பார்த்த அன்றிலிருந்து கோயிலே கதியென்று கிடந்தாள். விடிந்ததும் போவாள், நடை சாத்தும்வரை நெருப்புக்குக் கீழே உட்கார்ந்திருப்பாள். எந்தக் கை நீண்டாலும் தட்டிவிடுவாள். "தொடாதம்மா, தள்ளி நின்னு கும்பிடு." காரணம் கேட்டால் சொல்லமாட்டாள். பிள்ளை கேட்டு வருகிறவளைப் பிள்ளையில்லாதவள் விரட்டினால் உலகம் என்ன சொல்லும்? வயிற்றெரிச்சல் என்றது. அவள் எதிரில் வந்தால் கர்ப்பிணிகளைத் தெருவின் மறுபக்கம் நடத்திப்போனார்கள். வளைகாப்பு வீடுகளிலிருந்து அவளுக்கு வெற்றிலை பாக்கு வருவது நின்றது. அதையெல்லாம் விழுங்கிக்கொண்டு அவள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். புருஷனுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், முகம் தெரியாத பிள்ளைகள் இன்னொரு பக்கம். இரண்டையும் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தாள்.

எண்பத்தாறில் மகாவீர் ஜயந்திக்குக் கூட்டம் நெருக்கியது. அபிஷேகத்துக்குத் தண்ணீர் எடுத்துக்கொடுக்க யாரோ கூப்பிட்டார்கள் என்று ஜெயவதி எழுந்துபோனாள். திரும்பி வருவதற்குள் பத்மகுமார் நயினாரின் இளைய மருமகள், மூன்று மாதம் முழுகாமல் இருக்கிற பெண், நெருப்பைச் சுரண்டி நாக்கில் வைத்துக்கொண்டிருந்தாள். மாமியார்க்காரி பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம் எடுத்துக்கோ என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடியவள் அந்தப் பெண்ணின் தாடையைப் பிடித்து, வாயைத் திறந்து, முந்தானையால் நாக்கை அழுத்தித் துடைத்தாள். பெண் மிரண்டுபோய்க் கத்தினாள். மாமியார்க்காரி ஜெயவதியின் தோளைப் பிடித்துத் தள்ளினாள்.

"உனக்குக் கெடைக்கலன்னா ஊர்ல எவளும் பெத்துக்கக்கூடாதா? வயித்தெரிச்சல் புடிச்சவளே. தெய்வம் தெரிஞ்சிதான் உனக்குக் குடுக்கல."

ஜெயவதி கீழே விழுந்த இடத்திலிருந்தே "துப்பிடும்மா, துப்பிடு" என்று அந்தப் பெண்ணையே பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். காரணத்தை அப்போதும் சொல்லவில்லை. மண்டபத்தின் மறுகோடியில் மாலை கட்டிக்கொண்டிருந்த அனந்தகுமார் எழுந்து வந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. மனைவியை வீட்டுக்கு இழுத்துப்போகத்தான் வருகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"அவ சொல்றது நெசம்ங்க. அது வெஷம்" என்றார். குரல் எழும்பவில்லை, ஆனாலும் மண்டபம் அமைதியானதால் எல்லோருக்கும் கேட்டது. "நான்தான் ஈயத்த வறுக்கச் சொன்னேன். இவ நாக்குல வெச்சிப் பதம் பாத்தா. அதுல எங்க புள்ளைங்க மூணு பேரு செத்துப்போனாங்க." விழுந்து கிடந்தவளைப் பார்த்தார். "செத்துப்போனாங்கன்னு சொல்றது பொய்யி. நான் கொன்னேன்."

எறும்புக்கு வழிவிட்டு நடந்த மனுஷன். அந்த வார்த்தை அந்தக் கோயிலுக்குள் அவர் வாயிலிருந்தே வந்தது. மாமியார்க்காரி மருமகளைத் தரதரவென்று கிணற்றடிக்கு இழுத்துப்போய் வாய் கொப்பளிக்க வைத்தாள். பத்மகுமார் நயினார் ஜெயவதியைக் கைகொடுத்துத் தூக்கினார். "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

சுவரை அழிக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. சுரண்டினால் தூசு பறக்கும் என்று சொல்லி, மேலே சுண்ணாம்பு அடிக்க அனந்தகுமாரே கல்சுண்ணாம்பு நீற்றினார். திருவிழா முடிந்து கூட்டம் கலைந்த ஒரு காலையில் இருவரும் வாயில் துணி கட்டிக்கொண்டு போனார்கள். அவர் ஏணியில் ஏறினார், அவள் கீழே பிடித்துக்கொண்டாள். யானை போயிற்று. காளை, சிங்கம், திருமகள், இரட்டை மாலை எல்லாம் போயின. ஈயம் அவரையும் விடவில்லை; சில வருஷங்களாக அவருடைய வலது மணிக்கட்டு தொங்க ஆரம்பித்திருந்தது. போர்டுத் தொழிலைக்கூட முக்கால்வாசி விட்டுவிட்டார். பாதிக்குமேல் இடது கையால் அடித்தார். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் இறங்கி நின்றார்.

"இது ஒண்ணு மட்டும், மேல கண்ணாடி போட்டு..."

"வேணாங்க" என்றாள்.

அவர் சுண்ணாம்பு அடிக்கும் மட்டையை அவளிடம் நீட்டினார். ஜெயவதி ஏணியில் ஏறி நெருப்பின்மேல் சுண்ணாம்பு அடித்தாள். சிவப்பு லேசில் மறையவில்லை. முதல் பூச்சு காய்ந்ததும் ரோஜா நிறத்தில் மேலே வந்தது. இரண்டாவது பூச்சை அடித்துவிட்டு, அது காயும்வரை இருவரும் எதிர்த் தூணடியில் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். வெகுகாலத்துக்குப் பிறகு அப்படி உட்கார்ந்தார்கள்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றாள் ஜெயவதி. "புள்ளைங்களுக்குப் பேரு யோசிச்சி வெச்சிருந்தீங்களா?"

"வெச்சிருந்தேன்."

"நாலு பேருக்குமா?"

"நாலு பேருக்கும்."

"சொல்லுங்க."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்தப் பெயர்களை அவள் வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான் முதல்தடவையாகக் கேட்டாள். கடைசிப் பெயரை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய், மூன்றாம் பூச்சுக்குச் சுண்ணாம்பு கரைத்தாள்.